வண்டிக்கும் மூச்சு வாங்கும்

வெலிங்டனில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு டீசல் அம்பாசடர் நிற்கிறது. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆன பணத்தில் அப்பா வாங்கியது. 1,489 சி.சி. எஞ்சின். டர்போ கிடையாது. 2014-ல் அம்பாசடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அப்பா நிறுத்தவில்லை. எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து, "இருக்கறவரைக்கும் ஓடட்டும்டா" என்பார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போதுதான் சோதனை. பின்னால் வரிசையாக ஹாரன். மானம் போகும். ஒருமுறை கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில், "பம்ப்புல டீசலைக் கொஞ்சம் கூட்டி வெச்சா பிச்சுக்கிட்டுப் போகும் சார்" என்றார்கள். கூட்டினேன். பிச்சுக்கிட்டுப் போனது புகைதான்! கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணற, கரும்புகை திரும்பி உள்ளேயே வந்தது. பின் சீட்டில் அப்பாவுக்கு இருமல் ஆரம்பித்து, வீசிங் ஆகி, குன்னூர் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் அடங்கியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் குன்னூரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். சைலன்சருக்குள் விரலை விட்டுக் கரியைக் காட்டினார். "வண்டிக்கு டீசல் பத்தாம இல்லீங்க, காத்துதான் பத்தல. மூச்சுத் திணறுறவன் வாயில சோத்த அடைச்சிருக்கீங்க!"

விஷயம் அவ்வளவுதான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைத் தெளித்தால் பற்றிக்கொள்ளும். வெலிங்டன் இருப்பது ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில். கடல் மட்டத்து காற்றழுத்தத்தில் சுமார் 80 சதவீதம்தான் இங்கே. காற்று குறையும்போது டீசலைக் கூட்டினால் பாதி எரியாமல் கரியாகத்தான் வெளியே வரும்.

பம்ப்பைப் பழைய அளவுக்கு இறக்கினார். ஏர் ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டரை டெஸ்ட் பண்ணி, டேப்பெட் அட்ஜஸ்ட் செய்தார். கேட்காமலே பிரேக் லைனிங்கையும் மாற்றினார். "ஏறுறது இருக்கட்டும், எறங்கணுமில்லீங்க?"

புகை நின்றது. வேகம்? பெரிதாக ஒன்றுமில்லை.

போன மாதம் மறுபடி அப்பாவோடு ஏறினேன். பர்லியாறில் ஓரமாக நிறுத்திப் பின்னால் வந்த எல்லோருக்கும் வழிவிட்டேன். "ஏன்டா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார்.

"இல்லப்பா, சும்மா."

அவர் கண்ணாடியை இறக்கி, நிதானமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் கிளம்பினேன்.