வீட்டிலேயே இருக்கிறார் பயாலஜி வாத்தியார்! ப்ளஸ் ஒன் போகும் ஆம்பூர் பிள்ளைகளுக்கு ஒரு கோடைப் பாடம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த குரூப் எடுக்கப் போற?"

வேலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டாக்டர் கனவு புதிதல்ல. 1918-ல் ஐடா ஸ்கடர் இங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்றார்கள். வந்தவை 151 விண்ணப்பங்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்று சி.எம்.சி-யாக நிற்கிறது.

கனவோடு பயமும் சேர்ந்தே வருகிறது. பத்தாம் வகுப்பில் அறிவியல் புத்தகத்தின் ஒரு பகுதியாக இருந்த உயிரியல், ப்ளஸ் ஒன்னில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனிப் புத்தகங்களாக வந்து நிற்கும். அட்டையையும் முயலையும் படித்த பிள்ளை, மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை என்று உறுப்பு உறுப்பாகப் படிக்க வேண்டும். 'நீட்' தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்குத்தான். வசதி உள்ளவர்கள் மே மாதமே கோச்சிங்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஷூ கம்பெனி சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் சில பிள்ளைகள் வாய் திறக்காமலேயே, "நமக்கு இது சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அந்தக் கதவைத் தட்டவும் பயாலஜி வேண்டுமே!

கோடையில் தயாராவது என்றால், நடத்தாத பாடத்தை மனப்பாடம் செய்வது அல்ல. பொருளை முதலில் புரிந்துகொண்டு, பெயரைப் பிறகு கற்பதுதான். அதற்கு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டாம். டேனரியில் வேலை பார்க்கும் அப்பா, மாமா, பக்கத்து வீட்டுத் தாத்தா யாரிடமாவது உட்கார்ந்து பேசினாலே போதும்.

உப்பு ஏன் போடுகிறார்கள்?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவுவார்கள். உப்பு, தோலில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். பாக்டீரியாவின் செல்லிலிருந்தும் தண்ணீர் போய்விடுவதால் அது பெருக முடியாது. புத்தகம் இதைத்தான் 'சவ்வூடு பரவல்' என்கிறது. உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை நல்ல தண்ணீரிலும், இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். ஒன்று விறைப்பாக இருக்கும், மற்றது துவண்டு போகும். செலவு ஒரு கிழங்குதான்.

ஷூவில் இருப்பது எந்த அடுக்கு?

சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்து ரோமத்தில் உள்ள கெரட்டினைச் சிதைக்கும். ரோமத்தோடு மேலடுக்கான எபிடெர்மிஸும் போய்விடும். அடியில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவிவிடுவார்கள். நடுவில் மிஞ்சுவது டெர்மிஸ். நாம் ஷூவாகப் போட்டு நடப்பது அதைத்தான்! டெர்மிஸ் முழுக்கப் பின்னிக் கிடப்பது கொலாஜன் என்ற புரத இழைகள். குரோமியம் உப்பு அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் அழுகும் தோல், அழுகாத லெதராகிறது. இனி 'இணைப்புத் திசு' பாடம் வரும்போது பிள்ளைக்குக் கொலாஜன் அந்நியமாக இருக்காது.

பெயர்களும் இப்படித்தான் பழகும். 'எபி' என்றால் மேலே, 'ஹைப்போ' என்றால் கீழே, 'டெர்மிஸ்' என்றால் தோல். இலையின் வெளியடுக்குக்கும் எபிடெர்மிஸ் என்றுதான் பெயர். ஒரு வேர்ச்சொல் தெரிந்தால் பல வார்த்தைகள் பிடிபடும்.

ஆவாரம் செடியும் பாலாறும்

குரோமியம் வருவதற்கு முன்பு தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். அவற்றில் இருக்கும் டானின் அந்த வேலையைச் செய்தது. ஆவாரம் செடியின் ஒரு கிளையை எடுத்துப் பாருங்கள். கூட்டிலை, ஐந்து மஞ்சள் இதழ்கள், பட்டையான காய்... தாவரவியலின் பேபேசி குடும்பம் கையிலேயே இருக்கிறது.

இதே தொழிலின் கழிவால் பாலாறும் கிணறுகளும் பாழான வழக்கில்தான், 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை ஏற்றது. உப்பேறிய மண்ணில் பயிர் ஏன் வாடுகிறது என்று கேளுங்கள். உருளைக்கிழங்குத் துண்டு சொன்ன அதே பதில்தான்: மண்ணில் உப்பு கூடிவிட்டால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது.

தினமும் ஒரு மணி நேரம் போதும்

* முதலில் பத்தாம் வகுப்பு உயிரியல் பாடங்களை ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.
* ப்ளஸ் ஒன் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. செல், திசு பாடங்களின் படங்களை மட்டும் வரைந்து பாகங்களைக் குறிக்கலாம்.
* தினமும் ஐந்து சொற்கள். தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், பார்த்த ஓர் உதாரணம் மூன்றையும் நோட்டில் எழுதலாம்.
* ராத்திரி சாப்பிடும்போது அன்று படித்ததை வீட்டில் யாருக்காவது சொல்லிக் காட்டலாம்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். ரசாயனங்கள் புழங்கும் இடம் என்பதால் டேனரிக்குள் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம், பேசினால் போதும். "எனக்கு என்னம்மா தெரியும், நான் படிக்காதவன்" என்று மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். புத்தகத்தில் படமாக இருக்கும் தோலின் அடுக்குகளை வருடக்கணக்கில் கையால் தொட்டுப் பார்த்தவர் நீங்கள். பெயர் சொல்ல உங்கள் பிள்ளை இருக்கிறாள். மீதியை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.