தங்கக் கோபுரங்களும் நால்வர் நட்பும்

திரைப்படக் கலையின் நூற்றாண்டை முன்னிட்டு 1995ஆம் ஆண்டில், சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை 45 படங்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. சமயம், விழுமியங்கள், கலை என்பன அதன் பிரிவுகள். கலைப் பிரிவில் ஒரு திருட்டுக் கதையும் இடம்பெற்றிருப்பது நம்மவர் பலருக்கு வியப்பளிக்கலாம். 1951இல் சார்லஸ் கிரைட்டன் இயக்கிய 'தி லாவெண்டர் ஹில் மாப்' என்னும் நகைச்சுவைப் படமே அது.

தங்கக் கட்டிகளை வங்கிக்குப் பத்திரமாய்க் கொண்டு சேர்ப்பது லண்டன் நகர எழுத்தர் ஹாலண்டின் பணி. அலெக் கின்னஸ் அவராக நடித்திருக்கிறார். (வெள்ளித்திரையில் அருட்தந்தை பிரவுனாகவும் தோன்றிய இக்கலைஞர் 1956இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.) கற்பனையற்ற, நாணயமான மனிதர் என்றே மேலதிகாரிகள் ஹாலண்டை மதிப்பிடுகிறார்கள். அந்த நற்பெயரே அவருடைய களவுக் கருவி! வாய்ப்பில்லாமையால் காக்கப்படும் நேர்மையை நற்பண்பு என்று அழைக்கலாமா? அறநெறி இறையியல் வகுப்புகளில் நாங்கள் விவாதித்த இக்கேள்வியை இப்படம் சிரித்துக்கொண்டே எழுப்பிவிடுகிறது.

அவருக்குத் துணையாக நினைவுப் பொருள்களை வார்த்து விற்கும் பெண்டில்பரி வருகிறார். தங்கத்தை உருக்கி, ஈஃபிள் கோபுர உருவங்களாக வார்த்துப் பாரிசுக்கு அனுப்புவது திட்டம். ஆனால் இருவருக்கும் திருடத் தெரியாது. எனவே பொது இடங்களில் உரக்கப் பேசி, பணம் இருப்பதாக ஆசைகாட்டி, லாக்கரி, ஷார்ட்டி என்னும் இரு தொழில்முறைத் திருடர்களைத் தம் வலையில் வீழ்த்துகிறார்கள். நாகரிகமும் முரட்டுத்தனமும் ஒரே மேசையில் அமர்கின்றன.

லூக்கா நற்செய்தியில் வரும் நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளரின் உவமையைப் பற்றி மறையுரை ஆற்றுவது எந்தக் குருவுக்கும் எளிதன்று. தலைவர் பாராட்டியது அவனுடைய களவையன்று, முன்மதியையே என்று விளக்கி முடிப்பதற்குள் மக்களின் முகங்களில் ஐயம் படர்ந்துவிடும். ஹாலண்டின் திறமையை இரசிக்கும் நமக்கும் அதே தடுமாற்றம்தான்.

எனினும், என் உள்ளத்தைத் தொட்டது அவருடைய திறமையன்று. பங்கைப் பெற்றுக்கொள்ளப் பாரிசுக்குச் செல்ல வேண்டிய வேளையில் லாக்கரிக்கு மனைவியின் அனுமதி கிட்டவில்லை. ஷார்ட்டிக்கோ கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டத்தைத் தவறவிட மனமில்லை. "நீங்களே கொண்டுவாருங்கள்" என்கிற பாவனையில் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு லண்டனிலேயே தங்கிவிடுகிறார்கள். எழுத்தில்லை, சாட்சியில்லை. திருட்டையே தொழிலாகக் கொண்டவர்கள், நேற்றுவரை நேர்மையாளர்களாக வாழ்ந்தவர்களை நம்புகிறார்கள்! ஒருவரையொருவர் ஐயுறும் நம் பங்கு அமைப்புகளின் கணக்குக் கூட்டங்களை எண்ணாமல் இக்காட்சியை என்னால் காண இயலவில்லை.

பின்னர் பெண்டில்பரி பிடிபடுகிறார். தப்பிய ஹாலண்ட், எஞ்சிய கோபுரங்களின் பணத்தில் ரியோ நகரில் ஓராண்டு பெருவாழ்வு வாழ்கிறார். வருவோர்க்கெல்லாம் வாரி வழங்குகிறார். அந்தத் தாராளத்தைக் கண்டு நாம் மகிழ்கிறோம். இறுதியில் அவர் கையில் விலங்கு தெரியும்போது வருந்தவும் செய்கிறோம். லண்டனில் நம்பிக் காத்திருந்த அவ்விருவருக்கும் உரிய பங்கைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவேயில்லை, படமும் கேட்கவில்லை.