உம் கொட்ட முடியாத வகுப்பு

காலை ஐந்தரை மணி. புனேயில் ஒரு மூன்றாவது மாடி வீடு. சமையலறையை ஒட்டிய சிறிய அறையில், இருபத்து மூன்று வயது மாணவி ஒருவர் தலை வாரிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்காருகிறார். மேலே நல்ல சட்டை. திரையில் தெரியாத கீழ்ப்பாதிக்கு இரவு உடையே போதும். கியோத்தோவில் அப்போது மணி ஒன்பது. முதல் வகுப்பு தொடங்குகிறது. 2021 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு அவர் அந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பரிமாற்ற மாணவி. மாணவர் எண் உண்டு, நூலகக் கணக்கு உண்டு, பேராசிரியரின் கடிதம் உண்டு. கியோத்தோவைத்தான் அவர் பார்த்ததில்லை.

மாணவர் பரிமாற்றம் சிக்கலில்லாத ஏற்பாடு. இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. போகிற மாணவர் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கட்டணம் செலுத்துகிறார். அங்கே வாங்கும் மதிப்பெண் இங்கே கணக்கில் சேர்கிறது. பட்டம் வாங்கப் போவதில்லை, குடியேறவும் போவதில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ அந்த ஊர்க்காரராக இருந்துவிட்டு வருவதுதான் காரியம். முக்கியமான நிபந்தனை ஒன்று: அதுவரை சொந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஜப்பானிய மொழி முதுகலை வகுப்பிலிருந்து அவரும் அவருடைய தோழியும் 2020 இலையுதிர் பருவத்துக்குத் தேர்வானார்கள். கொரோனாவால் அது ரத்தானது. அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தார்கள். ஏப்ரல் வந்தது, விசா வரவில்லை.

அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் புனே எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு பேர் படுக்கையில் இருக்க, வெளியே ஆம்புலன்ஸ் ஓலம் கேட்க, அவர் ஹெயான் காலத்துக் கடிதங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஓலம் திரைக்கு அந்தப் பக்கம் கேட்காமலிருக்க, வாசிக்கும் நேரம் தவிர ஒலிவாங்கியை மூடியே வைத்திருந்தார். மூடி வைக்கச் சொல்லி ஆசிரியரே கேட்டிருந்தார். எல்லோருமே மூடித்தான் வைத்திருந்தார்கள்.

சங்கடம் இங்கேதான் ஆரம்பமானது. ஜப்பானிய மொழியில் கேட்பவர் சும்மா இருக்கக் கூடாது. பேசுபவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் 'ஹாய்', 'ஏஏ', 'ஸோ தெஸ் நே' என்று சின்னச் சின்னதாக ஒலி எழுப்ப வேண்டும். இதற்கு 'அய்ஸுச்சி' என்று பெயர். கொல்லன் பட்டறையில் ஆசான் அடித்ததும் சீடன் மாற்றி அடிக்கும் சம்மட்டி அடியைக் குறித்த சொல் அது. தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கதை சொல்லும் பாட்டி, பேரன் 'உம்' கொட்டாவிட்டால் தூங்கிவிட்டான் என்று கதையை நிறுத்திவிடுவார். ஜப்பானியர்கள் அந்தப் பாட்டியைப் போல. உம் வராவிட்டால் எதிராளிக்குப் புரியவில்லையோ, பிடிக்கவில்லையோ என்று தடுமாறிப் போவார்கள்.

இருபது சதுரங்கள், இருபது மூடிய ஒலிவாங்கிகள். கியோத்தோவில் ஓர் ஆசிரியை வெறுமையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். முதல் மாதத்திலேயே, தயவுசெய்து தலையையாவது பெரிதாக ஆட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மாணவி ஆட்டினார். புனேயின் இணைய இணைப்பு தத்தளிக்கும்போது முகம் உறைந்து நிற்கும்; தலையாட்டல் போய்ச் சேராது. இலக்கணம் வளர்ந்தது, எழுத்துகள் சேர்ந்தன, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வந்தது. எந்த இடத்தில் உம் கொட்ட வேண்டும் என்பது மட்டும் வரவே இல்லை. பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. நீச்சலுக்கும்தான் புத்தகம் இருக்கிறது.

கதவு அந்தப் பக்கம் திறந்து திறந்து மூடியது. 2020 வசந்த காலத்தில் ஜப்பான் வெளிநாட்டவரின் வருகையை நிறுத்தியது. அக்டோபரில் மாணவர்களுக்குத் திறந்தது. 2021 ஜனவரியில் மறுபடி மூடியது. ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. ஆயிரக்கணக்கான வீரர்களும் அதிகாரிகளும் வந்திறங்கினார்கள். ஆகஸ்ட் 7 அன்று நீரஜ் சோப்ராவின் ஈட்டி தங்கத்தில் போய் விழுந்தபோது புனே வீட்டில் எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். மாணவியும்தான். ஈட்டிக்குக் கிடைத்த அனுமதி புத்தகப் பைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அன்றிரவு தோழிக்குச் செய்தி அனுப்பினார்.

நவம்பர் 8 அன்று கதவு திறந்தது. பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கத்தை கத்தையாகக் காகிதம். முன்னால் காத்திருந்தவர்கள் முதலில் என்று வரிசை. அந்த வரிசை நகர்வதற்குள் ஓமிக்ரான் செய்தி வந்து, நவம்பர் 30 அன்று கதவு மூடப்பட்டது. ஜப்பானிய மக்களில் பெரும்பாலோர் இதை ஆதரித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதியவர்கள் நிறைந்த நாடு; பயம் நியாயமானது. ஆனால் ஜப்பானியக் குடிமக்கள் வெளியே போய்த் திரும்பத் தடை இல்லை. வைரஸ் கடவுச்சீட்டின் நிறம் பார்ப்பதில்லையே! 17ஆம் நூற்றாண்டில் நாட்டையே பூட்டிவைத்த 'ஸகோக்கு' காலத்தோடு இதை ஒப்பிட்டு, ஜப்பானியத் தொழிலதிபர்களே முணுமுணுத்தார்கள். 2022 ஜனவரியில் அரசு உதவித்தொகை பெறும் 87 மாணவர்களுக்கு மட்டும் சிறப்பு அனுமதி கிடைத்தது. வெளியே காத்திருந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர்.

அந்த ஜனவரியில் தோழி விலகினார். தள்ளிப்போன தேர்வுகளை எழுதி முடித்திருந்தார். வீட்டில் வருமானம் தேவைப்பட்டது. பெங்களூரில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கிளையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. நல்ல சம்பளம். ஜப்பான் மண்ணை மிதிக்காமலே ஜப்பானிய மொழியில் சம்பாதிக்கலாம் என்பதில் தவறேதும் இல்லை. ஆனால் இரண்டாவது மாதத்தில் ஒரு கூட்டம். இந்தியப் பொறியாளர் தொலைபேசியில் கெடு தேதியை விளக்குகிறார். எதிர்முனையில் ஜப்பானிய மேலாளர் 'ஹாய், ஹாய்' என்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று தோழி குறிப்பெழுதினார். மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை, வெறுமனே உம் கொட்டினார். 'ஹாய்' என்பதற்கு ஆமாம் என்றும் பொருள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள். இது தோழிக்குத் தெரியாததல்ல, தேர்வில் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பைத் திருத்த ஒரு வாரம் ஆயிற்று.

மாணவி வேறொன்று செய்தார். ஒரு தாளைத் தேர்வெழுதாமல் விட்டார். முடித்துவிட்டால் மாணவர் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். போய்விட்டால் பரிமாற்றமும் போய்விடும். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. முதுகலைப் பட்டத்தை ஓராண்டு தள்ளிப்போடும் துணிச்சல் எல்லா வீட்டிலும் கட்டுப்படியாகாது. தோழி வீட்டில் ஆகவில்லை, அவ்வளவுதான்.

2022 மார்ச் 1 அன்று ஜப்பான் திறந்தது, நாளொன்றுக்கு 5,000 பேர் என்ற கணக்கில். பல்கலைக்கழகம் பெருந்தன்மையோடு ஒரு பருவத்தை நீட்டித்தது. ஏப்ரல் மூன்றாம் வாரம் கான்சாய் விமான நிலையத்தில் பரிசோதனை முடிந்து, குடியிருப்பு அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, செர்ரிப் பூக்கள் உதிர்ந்து மரங்களில் இலை வந்துவிட்டிருந்தது. மீதம் நான்கு மாதம்.

ஓராண்டு பாடம் நடத்திய ஆசிரியை அவரைப் பார்த்ததும் இவ்வளவு உயரமா என்று வியந்தார். திரையில் எல்லோரும் ஒரே உயரம். திரையில் முழு முகம் பார்த்த ஆசிரியைக்கு நேரில் பாதி முகம்தான். கண்ணுக்குக் கீழே முகக்கவசம். உணவுக் கூடத்தில் மேசைகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற தடுப்புகள், 'மொகுஷோக்கு' என்ற அறிவிப்பு: பேசாமல் சாப்பிடுக. இதற்காகவா ஒரு தாளை விட்டோம் என்று முதல் வாரம் அழுகை வந்ததாகத் தோழியிடம் சொல்லியிருக்கிறார்.

பேச்சு வேறிடத்தில் கிடைத்தது. விடுதிக் காப்பாளர் எழுபதைத் தாண்டியவர். குப்பை போடும் விதத்தை அவர் விளக்கினார். எரிக்கக்கூடியதற்கு நகராட்சியின் மஞ்சள் பை. பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் வெள்ளைக் கண்ணாடிப் பை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. அவ்வளவுதான் விஷயம். அவர் முக்கால் மணி நேரம் சொன்னார். காகங்கள் வந்தன, பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், இறந்துபோன மனைவி வந்தார். எல்லாம் கியோத்தோப் பேச்சு. திரையில் படித்த டோக்கியோ ஜப்பானியம் அங்கே பாதிக்கு மேல் உதவவில்லை. மாணவி முதலில் வகுப்பில் இருந்த மாதிரியே அசையாமல் நின்றார். பெரியவர் நிறுத்தினார். புரிகிறதா என்று கேட்டார். பயத்தில் ஒரு 'ஹாய்' வந்தது. கதை நகர்ந்தது. இன்னொரு 'ஹாய்'. அப்புறம் ஒரு 'ஏஏ'. காகத்தின் இடத்தில் அவரையறியாமலே 'ஹோன்மா?' என்றார். 'நிஜமாகவா?' என்பதற்கு அந்த ஊர்ச் சொல். பெரியவர் மனைவியின் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதன் பிறகு செவ்வாய் தவறாமல், குப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாணவி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

ஜப்பானில் வெளிநாட்டு மாணவர் தொகை 2019இல் 3,12,214. மூன்று லட்சம் என்ற அரசின் இலக்கை எட்டிய பெருமை அது. 2022இல் 2,31,146ஆகச் சரிந்தது; 2024இல் 3,36,708ஆக ஏறிவிட்டது. 2033க்குள் நான்கு லட்சம் என்பது புதிய இலக்கு. வரைபடத்தில் ஒரு பள்ளம் விழுந்து நிரம்பிவிட்டது. நிரப்பியவர்கள் வேறு மாணவர்கள். தோழி இன்னும் பெங்களூரில் இருக்கிறார். கியோத்தோவிலிருந்து மாணவி வாங்கி வந்த மஞ்சள் பை ஒன்று அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அந்த ஜூலையில் ஒரு நாள் புனேயிலிருந்து அம்மா அழைத்தார். குடிநீர், மாமா வீட்டுக் கல்யாணம், விலைவாசி என்று மராத்தியில் நீளமாகச் சொல்லிக்கொண்டே போனார். மாணவி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா மூச்சு விட்ட இடத்தில், 'ஏஏ... ஸோ தெஸ் நே' என்றார். அம்மா பேச்சை நிறுத்தி, பக்கத்தில் யார் என்று கேட்டார்.