கொதித்தாலும் போகாத விஷம்

தண்ணீர் எதுவானாலும் ஒரு கொதி விட்டு இறக்கினால் பயமில்லை என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். ராணிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் வீட்டுக் கிணற்றில் அது பலிக்கவில்லை. வாளியில் வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"நல்லாக் காய்ச்சி வடிகட்டினா சரியாப் போயிடாதா, அண்ணி?" என்று கேட்டாள்.

காய்ச்சினால் கிருமி சாகும். இதுவோ குரோமிய உப்பு. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும், துணியிலும் தங்காது. உள்ளே போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். புற்றுநோய் அபாயமும் உண்டு. அன்றோடு அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை விட்டுவிட்டாள்.

தோல் பதனிட உதவும் குரோமிய உப்பு தயாரித்த ஆலை ஒன்று அவ்வூரில் 1990-களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் கழிவு வெட்டவெளியில் கிடந்தது. ஆலையைப் பூட்டலாம், மழையைப் பூட்ட முடியுமா? ஒவ்வொரு மழைக்கும் கழிவு கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது.

இதைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது. முதலில் கழிவை அகற்ற வேண்டும், அல்லது மழை படாமல் மூடி அடைக்க வேண்டும். பிறகு நிலத்தடி நீரை பம்ப் வைத்து இறைத்து அன்னபேதி சேர்ப்பார்கள். அதிலுள்ள இரும்பு, குரோமியத்தின் வீரியத்தைக் குறைக்கும். சுண்ணாம்பு சேர்த்ததும் அது வண்டலாகப் படியும். இது நிபுணர்கள் செய்கிற வேலை. வீட்டில் செய்து பார்க்காதீர்கள். மண்ணில் ஒட்டியது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதால், வருஷக்கணக்கில் இறைக்க வேண்டியிருக்கும்.

குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது. மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிவதற்குள் அந்த அளவு பல மடங்கு தாண்டியிருக்கும். ஆலைக் கழிவு கொட்டிய இடத்துக்கு அருகே குடியிருக்கும் சகோதரிகளே, 'தெளிவாத்தானே இருக்கு' என்று குழந்தைக்குப் புகட்டிவிடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து, குரோமியம் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.