மன்னார் மணலிலிருந்து மஸ்கெலியா மலை வரை

பாலைவனம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன அராபிய மணற்குன்றுகளே. ஆழ்ந்த மலையிடுக்கு என்றதும் அமெரிக்காவில் கொலராடோ நதி அறுத்த பெரும் பள்ளத்தாக்கு நினைவுக்கு வரும். 446 கிலோமீற்றர் நீளமும், சில இடங்களில் 1.8 கிலோமீற்றர் ஆழமும் உடையது அது. விடுமுறை வந்ததும் தாயையோ தந்தையையோ மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு அத்தகைய இடங்களைச் சுற்றிப் பார்ப்பது அந்நாட்டாரிடையே காணப்படும் ஒரு நல்ல வழக்கம். நமது சின்னஞ்சிறு தீவில் அத்தகைய பாலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. ஆயினும் வறண்ட மணலையும் ஆழ்ந்த மலையிடுக்கையும் இரண்டே நாட்களில் காட்டவல்ல பாதை ஒன்று இங்கும் உண்டு. அது தலைமன்னாரில் தொடங்கி மஸ்கெலியாவில் முடிகின்றது.

தமிழ் இலக்கியம் பாலையைத் தனி நிலமாகக் கொள்வதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அந்நிலத்துக்கு உரிய ஒழுக்கமோ பிரிவு. மலைநாட்டுத் தமிழரின் சரித்திரத்தை அறிந்தவர்க்கு இவ்விலக்கணம் வெறும் ஏட்டுச் செய்தியாகத் தோன்றாது.

1820களில் இத்தீவில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலம் முதல், தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியும் நிறைந்த வழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். நீரின்றியும் நோயுற்றும் வழியில் மாண்டவர் பலர். 1869இல் இலைநோய் தோன்றிப் பின்னர் கோப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பாதையில் நடந்தோரின் சந்ததியார் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்தது. ஒரே வீட்டில் பிறந்தவர்களுங்கூட இருவேறு நாட்டுக்கு உரியவராயினர்.

எங்கள் குடும்பத்தில் அவ்வாறு பிரிந்தவர் என் பெரியப்பா. என் தந்தையாருக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகின்றது. மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். கண்பார்வை நாளுக்கு நாள் மங்கி வருகின்றது. “பார்வை இருக்கிறப்பவே ரெண்டு எடத்தைப் பாத்துடணும் தம்பி” என்று ஒருநாள் சொன்னார். ஒன்று, அண்ணன் கப்பலேறிய தலைமன்னார்த் துறை. மற்றது, நீருக்குள் கிடக்கும் பழைய மஸ்கெலியா நகரம். வறட்சி மிகுந்து நீர்த்தேக்கம் வற்றியிருப்பதாகச் செய்தி வந்ததும், வாடகை வான் ஒன்றில் இருவரும் புறப்பட்டோம்.

மன்னார்த் தீவு பனைகளும் முட்புதர்களும் மணலும் நிறைந்தது. கழுதைகள் வீதியிலே சுதந்திரமாக உலாவுகின்றன. தலைமன்னாரில் பழைய இறங்குதுறையின் எச்சங்கள் கடலுக்குள் நிற்கின்றன. 1914இல் தனுஷ்கோடிக்கும் இவ்விடத்துக்கும் இடையே கப்பற் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்ற சேவை, 1984இல் யுத்தத்தின் காரணமாக நின்றது.

என் தந்தையார் இத்துறையை அதற்குமுன் கண்டதேயில்லை. அண்ணன் புறப்பட்ட நாளில் தோட்டத்தில் லீவு கிடைக்காமையால், ஹட்டன் ரயில் நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. “கோச்சி பொறப்படுறப்ப அண்ணே திரும்பிப் பாக்கலே. பாத்தா எறங்கிருவாருன்னு அவருக்கே தெரியும்” என்றார். பெரியப்பா நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் குடியேறினார். சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பின்னர் நின்றது. அவர் காலமான செய்தி மாதங்கள் பல சென்றே எங்களுக்கு எட்டியது.

எதிர்க்கரை இங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தூரந்தான் என்று நான் கூறியதும் தந்தையார் வியப்புற்றார். “இவ்வளவு கிட்டத்துலயா இருந்திருக்கு?” என்று கேட்டு, நெடுநேரம் மணலில் அமர்ந்திருந்தார். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குச் சென்று திரும்பும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

திருக்கேதீஸ்வரத்தில் பாலாவித் தீர்த்தத்தைத் தரிசித்து, கட்டுக்கரைக் குளத்தைக் கடந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகத் தெற்கே சென்றோம். 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகை 200 ஆண்டுகளை எட்டியதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாகச் சென்றனர். அவர்களுக்கு அதற்குப் பதினைந்து நாட்களுக்கு மேலாயின. நாங்கள் பகற்பொழுதிலேயே மாத்தளையை அடைந்து, முத்துமாரியம்மன் சந்நிதியில் தேங்காய் உடைத்து, அன்றிரவு அங்கே தங்கினோம்.

மறுநாள் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என வண்டி ஏறிக்கொண்டே சென்றது. ஆண்டில் 1000 மில்லிமீற்றர் மழையும் பெறாத மன்னாரிலிருந்து, 5000 மில்லிமீற்றரளவு பெறும் வட்டவளைக்கு ஒரே நாளில் வந்துவிடலாம். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் தாண்டினால் மஸ்கெலியா. தொலைவில் 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை தெரிகின்றது. ஆங்கிலேயர் தலைமன்னார்க் கடலிலுள்ள மணற்றிட்டை ஆதாமின் பாலம் என்றும், இச்சிகரத்தை ஆதாமின் மலை என்றும் அழைத்தனர். நாமோ முன்னதை இராமர் அணை என்கிறோம். எப்பெயரால் அழைப்பினும் எங்கள் பிரயாணம் அவ்விரண்டுக்கும் இடையே அமைந்தது.

இம்மலையாறுகளால் மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918இலேயே எடுத்துரைத்தார். அக்கருத்தின் வழியே 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மஸ்கெலியா ஓயாவுக்குக் குறுக்கே மவுசாக்கலை அணையும் அமைந்தன. மவுசாக்கலையின் நீர் சுரங்கவழியே இறங்கி மின்பொறிகளைச் சுழற்றும் நிலையத்துக்குக் கனியன் என்று பெயர். ஆழ்ந்த மலையிடுக்கு என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். அணையின் கீழ் ஆறு பாறைகளுக்கிடையே இறங்கி லக்ஷபான அருவியாக விழுவதைக் காண்போர், அப்பெயரின் பொருத்தத்தை உணர்வர்.

அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. இன்றுள்ள நகரம் அதன்பின் மேட்டுநிலத்தில் உருவானது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய இந்துக் கோயில், பௌத்த ஆலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. சுற்றிலும் பசிய தேயிலை மலைகள்; நடுவே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் சேற்றுநிலம். ஈரத்தை இழந்த வண்டல் சுருங்குவதால் ஏற்படும் வெடிப்புகள் இவை. குறிஞ்சி பாலையாகும் காட்சி என்பது இதுவே.

காய்ந்த தரையில் என் தோளைப் பற்றிக்கொண்டு நடந்த தந்தையார், ஒரு கற்படியின் அருகே நின்றார். “இந்தப் படியிலதான் அண்ணே தீவாளிக்குச் சட்டை எடுத்துக் குடுத்து, போட்டுப் பாக்கச் சொன்னாரு” என்றார். அங்கிருந்து துணிக்கடை, அரிசிக்கடை, தேநீர்க்கடை என்று வரிசையாகச் சொல்ல, நான் குறிப்புப் புத்தகத்தில் கோடிட்டு எழுதிக்கொண்டேன். அவ்வேளை அங்கே வந்த முதிய அம்மையார் ஒருவர், “இல்லீங்க அண்ணே, அரிசிக்கடை ஆத்துப் பக்கம்” என மறுத்தார். இருவரும் வெயிலில் நின்று வாதாடினர். இறுதியில் கடை இருமுறை இடம் மாறியது என்று ஒரு முடிவுக்கு வந்தனர். படம் எடுக்க வந்திருந்த மாணவர் சிலர் கைப்பேசியை மடக்கி வைத்துவிட்டு அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். மங்கிய பார்வையோடு என் தந்தையார் அன்று அவர்களுக்கு ஒரு நகரத்தையே காட்டினார்.

அமெரிக்காவின் நெவாடாப் பாலைநிலத்திலும் இதற்கு நிகரான ஊர் ஒன்று உண்டு. ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரியில் 1938இல் மூழ்கிய சென் தோமஸ் என்னும் சிற்றூர், இந்நூற்றாண்டின் வறட்சியில் மீண்டும் வெளிவந்தது. இன்று அவ்விடம் தேசியப் பூங்காச் சேவையின் பராமரிப்பில் உள்ளது. பார்வையாளர் சென்று காண நடைபாதையும் உண்டு. பழைய மஸ்கெலியாவுக்கும் அத்தகைய கவனிப்பு வேண்டும். எங்கே எது இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களில் இளையவரும் எழுபதை எட்டிவிட்டார். மவுசாக்கலை நீரால் நாடு ஒளி பெற்றது உண்மை. அந்த ஒளி மலைநாட்டின் லயன் அறைகள் பலவற்றுக்கு மிகத் தாமதமாகவே வந்துசேர்ந்தது. அவ்வூரைக் கொடுத்தவர்களின் நினைவையாவது பேணுவது நமது கடமையன்றோ?

இப்பாதையில் செல்ல விரும்பும் குடும்பத்தினருக்குச் சில வார்த்தைகள். மலையில் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் பொதுவாக மழை குறைந்தவை. ஆயினும் எல்லா ஆண்டும் நீர்த்தேக்கம் வற்றுவதில்லை. முன்னதாக உள்ளூராரிடம் விசாரித்துச் செல்க. டிசம்பர் முதல் வெசாக் வரை சிவனொளிபாத யாத்திரைக் காலமாதலால் வீதியில் நெருக்கடி மிகும். உலர்ந்ததுபோல் தோன்றும் சேறு உள்ளே இளகியிருக்கும். வழி அறிந்தவரோடன்றி இறங்கலாகாது. முதியோருக்கு மன்னாரில் குடையும் மஸ்கெலியாவில் கம்பளியும் அவசியம். ஒரே நாளில் அவ்வளவு தூரத்தையும் கடக்க முயலவேண்டாம்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா பாட்டியர் எக்கரையில் இறங்கினர், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தனர், யாரை எங்கே பிரிந்தனர் என்று கேட்டு எழுதிவையுங்கள். நான் வரைந்த படத்தில் இன்னும் பாதி வீதி வெறுமையாகவே இருக்கின்றது. அடுத்த வரட்சி வரும்போது அதை நிரப்ப உதவக்கூடிய முதியவர் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.