ஐயாற்றுப் பந்தல்

தஞ்சைக்கு வடக்கே, காவிரியின் வடகரையில் அமைந்த ஊர் திருவையாறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள் அடுத்தடுத்துப் பாயும் வளநாட்டில் இருப்பதால் இப்பெயர் பெற்றது. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். ஆண்டுதோறும் சனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வரும் புஷ்ய பகுள பஞ்சமி நாளையொட்டி இவ்வூர்க் காவிரிக்கரையில் பந்தல் எழும்பும். தென்னகத்தின் இசைக்கலைஞர்கள் அங்கே வந்து தரையில் அமர்ந்து பாடுவர். தியாகராசர் ஆராதனை எனப்படும் அவ்விழாவில் இன்று யார் வேண்டுமானாலும் பாடலாம் என்றே பலரும் எண்ணுவர். அந்த ‘யார் வேண்டுமானாலும்’ என்ற நிலை எளிதில் வந்ததன்று.

திருவாரூரில் 1767ஆம் ஆண்டு பிறந்த தியாகராசர், திருவையாற்றில் வாழ்ந்து 1847 சனவரி 6ஆம் நாள் மறைந்தார். தெருத்தெருவாகப் பாடிச்சென்று பெற்ற அரிசியைக் கொண்டு இல்லறம் நடத்தியவர். மறைந்தபின் அவர் மாணவர் பல ஊர்களுக்கும் பிரிந்து சென்றனர். ஆற்றங்கரைச் சமாதியைப் புதர் மூடியது. ஐம்பதாண்டுகளுக்கு மேலான பின், 1903இல், அவருடைய நேர்மாணவர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் தம் முதுமையில் அங்கு வந்து, இடிந்து கிடந்த சமாதியைச் சீர்செய்தனர். அவ்விருவர் வராதிருந்தால் இடமே மறந்துபோயிருக்கும்.

அதன்பின் சில ஆண்டுகளில் விழா தொடங்கியது. தொடங்கிய சுவட்டிலேயே பிளவும் வந்தது. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் இருவேறு அணிகளாயினர். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஊரார் பெயரிட்டனர். வயலின் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை சின்னக் கட்சிக்குத் தூணாக விளங்கினார். ஒரு கட்சி ஆராதனை நாளோடு விழாவை முடிக்க, மற்றொரு கட்சி அந்நாளில் தொடங்கும். ஒரே பாட்டுக்கு இரண்டு பந்தல்! பெரும்புலவர்களும் பெருங்கலைஞர்களும் கூடும் இடங்களில் இத்தகைய பூசல் புதியதன்று. கேட்போருக்கு ஒருவகையில் இலாபமே. பாட்டுக் கேட்கும் நாள்கள் இரட்டித்தன. ஆயினும் ஒரு செய்தியில் இரு கட்சியாரும் மாறுபாடின்றி ஒன்றுபட்டனர். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்பதே அது.

அக்காலத்தில் மேடையேறிப் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவரடியார் மரபினர். இசையைப் பல தலைமுறையாகக் காத்துவந்த அம்மரபினரின் பாட்டைக் கேட்கச் செல்வர் மாளிகைகளில் கூட்டம் கூடும். இசைவாணர் பலரும் அவர்களுக்குப் பாடம் சொல்வர். சமாதியின் முன்மட்டும் அவர்களுக்கு இடமில்லை. இதனைத் தடுமாற்றம் என்று மென்மையாகச் சொல்வதைவிட அநீதி என்று சொல்வதே பொருத்தம்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் அம்மரபில் 1878இல் மைசூர் நாட்டில் பிறந்தவர். சென்னையில் பாடிப் பெரும்பொருளும் புகழும் ஈட்டினார். இசையோடு நில்லாமல் கன்னடமும் தெலுங்கும் வடமொழியும் கற்றவர். முத்துப்பழநி என்னும் பெண்பாற் புலவர் இயற்றிய தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்தார். ஆங்கில அரசு பின்னர் அந்நூலுக்குத் தடை விதித்தது. எதிர்ப்புக்கு அஞ்சாதவர் என்பதற்கு அதுவே சான்று.

தியாகராசர் சமாதியின் சீர்கேட்டை விவரித்து, அவருடைய ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா 1921இல் ஒரு கடிதம் எழுதினார். நாகரத்தினம்மாள் உடனே திருவையாறு சென்றார். சமாதி அமைந்த நிலத்தைப் பேசிப் பெற்றார். அவ்வாண்டு இறுதிக்குள் கால்கோள் நடந்தது. 1926 சனவரியில் கோயில் குடமுழுக்குக் கண்டது. வாழ்நாள் ஈட்டம் அதில் கரைந்தது. கட்டி முடித்த கோயிலின்முன் ஓர் அரிகதை நிகழ்த்த அவர் இசைவு கேட்டார். மறுக்கப்பட்டது. பணம் ஏற்கப்பட்டது, குரல் ஏற்கப்படவில்லை.

அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மறு ஆண்டே, 1927இல், தம் மரபுப் பாடகியர் பலரைத் திரட்டிக் கோயிலின் பின்புறத்தில் தனியே விழா எடுத்தார். முன்புறம் ஆண்கள் பாட, பின்புறம் பெண்கள் பாடினர். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்னும் இரண்டோடு பெண் கட்சியும் சேர்ந்து மூன்றாயிற்று. ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் அவ்வாறே நடந்தது. நடுநின்றோர் சிலரின் முயற்சியால், 1940ஐ ஒட்டி மூன்று கட்சிகளும் இணைந்தன. பெண்களும் அதே பந்தலில் அமர்ந்தனர்.

இணைந்த விழாவுக்கு ஒரு பொதுப்பாட்டு வேண்டும் அல்லவா? தியாகராசரின் ஐந்து பெருங்கீர்த்தனைகளான பஞ்சரத்தினங்கள் அதற்கு வாய்த்தன. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில், ஆதி தாளத்தில் அமைந்தவை அவை. முதலாவது வடமொழி, மற்ற நான்கும் தெலுங்கு. வராளியை ஆசிரியர் நேரே மாணவருக்குக் கற்பித்தால் இருவருக்கும் பகை வரும் என்றொரு நம்பிக்கை இசையுலகில் உண்டு. அப்பகைக்கு அஞ்சாமல் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் அதனைப் பாடுவது காணத்தக்கது.

பஞ்சரத்தினம் பாடுவதற்குமுன் நாகசுரம் முழங்கும். புல்லாங்குழற் கலைஞர்கள் பைரவியில் ஒரு கீர்த்தனை இசைப்பர். பின் சமாதியை நோக்கிச் செல்லும் வழியின் இருமருங்கும் வரிசையாக அமர்ந்தவர்கள் பாடத் தொடங்குவர். தனிக் கச்சேரியில் விருது பெற்ற வித்துவானும், ஈராண்டு மட்டும் பாடம் கேட்ட மாணவியும் தோளொட்டி அமர்வர். ஒருவர் சங்கதியை நீட்ட எண்ணினாலும் கூட்டம் நீட்டவிடாது. ஆணுக்கு இயல்பான சுருதி ஒன்று, பெண்ணுக்கு இயல்பான சுருதி வேறு. ஆனால் இங்கே ஆதார சுருதி ஒன்றே. ஆதலால் மேலே செல்லும்போது சிலர் மூச்சு முட்டுவர். கீழே இறங்கும்போது சிலர் குரல் கேட்கவே கேட்காது. நுணுக்கம் தேடும் செவிக்கு இப்பாட்டு முழுநிறைவு தராது. கூடிப் பாடுவதற்கென்றே வந்தவர்களிடம் அதனைத் தேடுவதும் முறையாகாது.

இணைப்போடு எல்லாக் கேள்விகளும் தீர்ந்துவிடவில்லை. அண்ணாமலை அரசரின் முயற்சியால் 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தேவாரம் பிறந்த ஊரிலேயே தமிழ்ப்பாட்டுக்கு மேடை உண்டா என்ற வினா திருவையாற்றிலும் எழுந்தது. தண்டபாணி தேசிகர் அங்கே தமிழ்ப்பாடல் ஒன்று பாடியது கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. தியாகராசருக்கு அஞ்சலி செய்யும் இடத்தில் அவர் பாடலே பாடப்பட வேண்டும் என்பது ஒரு சாரார் வாதம். அது புரிந்துகொள்ளத் தக்கதே. பிறமொழிப் பாட்டால் இடத்தின் தூய்மை கெடும் என்று சிலர் பேசியதுதான் பொறுக்கத் தகாதது.

நாகரத்தினம்மாள் 1952இல் மறைந்தார். தம் உடைமைகளை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தபோது, பெண்கள் அங்கே பாடும் உரிமை தடைபடலாகாது என்பதையும் எழுதிவைத்தார். தாம் பெற்றதைப் பிறர் இழந்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை அதில் தெரிகிறது. அவருடைய நினைவிடம் தியாகராசர் சமாதிக்கு எதிரே அமைந்துள்ளது.

பின்வந்த ஆண்டுகளில் வானொலி நேரலையும் தொலைக்காட்சியும் அப்பந்தலை வீடுதோறும் கொண்டு சென்றன. வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் விழாக் குழுவின் செயலராக நெடுங்காலம் பணியாற்றினார். பாட விரும்புவோர் தொகை பெருகப் பெருக, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைந்தது. மூன்று மணிநேரம் கச்சேரி செய்து பழகியவரும் ஒன்றிரண்டு கீர்த்தனைகளில் முடித்துக்கொண்டு எழ வேண்டும். ஊதியம் எதிர்பார்த்து எவரும் வருவதில்லை. காலையில் தொடங்கும் பாட்டு இரவு நெடுநேரம்வரை நீளும். ஒருவர் தம்புராவை எடுத்துக்கொண்டு இறங்கும்போதே அடுத்தவர் மிருதங்கத்தோடு ஏறிக்கொண்டிருப்பார். அறிவிப்பாளர் அதற்குள் மூன்றாமவர் பெயரை வாசித்துக்கொண்டிருப்பார்.