நிழல் விழாத பொருளுக்கும் படம் உண்டு

எக்ஸ்கதிர்ப் படம் என்றால் நிழற்படம் என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். 1895-இல் ராண்ட்ஜன் தம் மனைவியின் கையைப் படமெடுத்த நாள் தொட்டு மருத்துவமனைகளில் நடப்பது அதுவே. எலும்பு கதிரை விழுங்குகிறது, சதை விட்டுவிடுகிறது, நிழல் விழுகிறது. நிழலே சரியாக விழாத பொருளை எப்படிப் படமெடுப்பது?

வெப்பப் பிளாஸ்மா அத்தகைய பொருள். அமெரிக்காவில் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 192 லேசர் கற்றைகளின் ஆற்றலால், கடுகினும் சற்றே பெரிய எரிபொருள் உருண்டையை நசுக்குகிறார்கள். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவாற்றலைப் பெற்றார்கள். உருண்டை எல்லாப் பக்கமும் சமமாக நசுங்க வேண்டும். அதற்கு உள்ளே எங்கே எவ்வளவு அடர்த்தி என்று தெரிய வேண்டுமல்லவா?

சாதாரண ஒளி இங்கே பயன்படாது. எலக்ட்ரான்கள் அளவுக்கு மீறி நெருங்கிய பிளாஸ்மா அதைத் திருப்பி அனுப்பிவிடும். எக்ஸ்கதிர் உள்ளே நுழையும். ஆனால் ஹைட்ரஜன், கார்பன் போன்ற இலேசான அணுக்கள் அதை அதிகம் விழுங்குவதில்லை. ஆகவே நிழல் மங்கிவிடுகிறது.

விழுங்காவிட்டாலும் வளைக்கும்! எலக்ட்ரான் அடர்த்தி மாறும் இடத்தில் அலையின் கட்டம் மாறுகிறது. கதிர் இம்மியளவு விலகுகிறது. மிகச் சிறிய மூலத்திலிருந்து கதிரை அனுப்பி, படத்தகட்டைத் தொலைவில் வைத்தால், அவ்விலகல் ஒளி வரியாகவும் இருள் வரியாகவும் பதிகிறது. வரிகளை ஆராய்ந்து அடர்த்தி மாற்றத்தைக் கணக்கிடலாம். இதுவே கட்ட வேறுபாட்டுப் படமுறை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா நெல் அவிக்கும் கூலி வேலை செய்கிறார். படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகச் சொல்லும் உறவினரும் உண்டு. "அப்படி என்னதான்டா படிக்கிறே?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"நெல் அவிக்கிற அடுப்புக்கு மேலே எதிர்ச்சுவர் நெளியுதே, பாத்திருக்கியாம்மா? காத்துக்கு நிழல் இல்ல. ஆனா சூட்டுல லேசாகிப் போன காத்து வெளிச்சத்தை வளைக்குது. அந்த நெளிவை அளந்தா காத்தோட அடர்த்தி தெரியும். அந்த மாதிரிதான் படிக்கிறேன்" என்றேன்.

"தெனமும் பாக்கறதுதான். அதை அளக்கவும் முடியுமா?" என்றார். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. ஆயினும் அன்று முதல் உறவினருக்கு விடை சொல்பவர் அம்மாதான்.

தோழர்களே, கற்றதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். புரிந்துகொள்ள அங்கே ஆள் இருக்கிறது.